மழை ஊரில் ஒரு வயலின்காரன்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை. மலருக்காக எழுத்து வடிவில்.)



"வெளிநாட்டுப் பயண அனுபவம் ஏதாவது பேசுங்களேன்" என்று செயலாளர் போனில் கேட்டார். கச்சேரிக்காரனுக்கு வெளிநாட்டு அனுபவம் என்றால் பெரும்பாலும் விமான நிலையம், யாரோ ஓர் அன்பர் வீட்டுச் சாம்பார், மேடை, மறுபடியும் விமான நிலையம். அதைப் பேசினால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒரே ஓர் ஊரில் மட்டும் எனக்கு நாலு நாள் ஓய்வு கிடைத்தது. அந்த நாலு நாளும் விடாத மழை. குடையும் கையுமாக அந்த ஊரைச் சுற்றியபோது தெரிந்துகொண்ட ஒரு கதையை உங்களிடம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். கதை அந்த ஊருடையதுதான். ஆனால் கேட்டு முடிக்கிறபோது, நம்ம ஊர்க் கதையும் இதுதானே என்று உங்களுக்கே தோன்றும்.

ஊரின் பெயர் பெர்கன். நார்வே நாட்டின் மேற்குக் கரையில் இருக்கிறது. 2016 அக்டோபரில் ஒரு பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கப் போயிருந்தேன். ஏழு மலைகள் சூழ்ந்த துறைமுக நகரம் அது. அட்லாண்டிக் கடலிலிருந்து ஈரக்காற்று வருகிறது. மலையில் முட்டி மேலே ஏறுகிறது. குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் நடப்பது போலத்தான். சென்னையில் வருஷத்துக்குச் சராசரி 1,400 மி.மீ. மழை என்றால் பெர்கனில் ஏறத்தாழ 2,250 மி.மீ. நமக்குப் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அவர்களுக்கு வருஷம் பூராவும் தவணை முறையில் பெய்கிறது. 2006 அக்டோபர் 29-இல் ஆரம்பித்த மழை 2007 ஜனவரி 21 வரை, 85 நாள், ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் பெய்ததாகக் கணக்கு இருக்கிறது.

அந்த ஊரில் எல்லோரும் சொல்கிற ஒரு வேடிக்கைக் கதை உண்டு. வெளியூர்க்காரர் ஒருவர் தெருவில் போன பையனைப் பிடித்து, "ஏம்பா, இங்கே மழை நிற்கவே நிற்காதா?" என்று கேட்டாராம். பையன் சொன்னான்: "தெரியலீங்க, எனக்குப் பன்னிரண்டு வயசுதான் ஆகுது."

எங்களை அழைத்திருந்தவர்கள் அங்கே குடியேறி வாழும் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தினர். நார்வேக்கும் ஈழத் தமிழருக்கும் உள்ள தொடர்பு பலர் நினைப்பதைவிடப் பழையது. அன்ரனி இராஜேந்திரம் என்பவர் 1956-லேயே அங்கே போய்ச் சேர்ந்தார். பிறகு 1980-களில் இனக்கலவரமும் போரும் துரத்த, ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள். வடக்கே பனிப் பிரதேசத்து மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து, குடும்பத்தை வரவழைத்து, பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தோறும் தமிழும் பாட்டும் பரதமும் சொல்லித் தருகிறார்கள். எங்கள் கச்சேரியும் அந்தப் பிள்ளைகளுக்காகத்தான்.

முதல் நாள் காலை, மழை கொஞ்சம் விடட்டும், வெளியே கிளம்பலாம் என்று ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கார நண்பர் சிரித்தார்.

"மழை நிண்ட பிறகு போவம் எண்டு இருந்தா இஞ்ச ஒரு அலுவலும் நடவாது அண்ணை. உந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுங்கோ."

நான் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். வாத்தியம் என்ன செய்யும்? இசைக்காரர்கள் மழையைக் காதால்தான் அளப்பார்கள். மிருதங்கம் இருக்கிறதே, ஈரக்காற்று பட்டால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். அங்கே வீட்டுக்குள் கணப்புச் சூடு. அந்த வறட்சியில் தோல் இறுகிச் சுருதி ஏறும். எங்கள் மிருதங்கக்காரர் வாசலில் ஒரு சுருதி, வரவேற்பறையில் ஒரு சுருதி, மேடையில் ஒரு சுருதி என்று கையில் கல்லை வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே இருந்தார். தொப்பிக்குப் பூசுவதற்கு ரவைப் பொட்டலத்தை மயிலாப்பூரிலிருந்தே கட்டி எடுத்து வந்திருந்தார். என் வயலினுக்கு வேறு தொல்லை. சூட்டில் மரம் சுருங்கி, பிருடை பிடிப்பு விட்டு நழுவும். இரவோடு இரவாகத் தந்தி தளர்ந்து காலையில் தொளதொள என்று கிடக்கும். மழைக்குப் பேர்போன ஊரில் வயலின் வறட்சியால் கஷ்டப்பட்டது! அங்கே வயலின் வைத்திருப்பவர்கள் பெட்டிக்குள் ஈரப்பஞ்சு அடைத்த சின்னக் குழாய் ஒன்றைப் போட்டு வைக்கிறார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். இன்றும் வைத்திருக்கிறேன்.

சரி, ஊருக்கு வருவோம்.

பெர்கன் துறைமுகத்தை ஒட்டி பிரிக்கன் என்று ஒரு வரிசை. மரத்தாலான பழைய பண்டகசாலைகள். சிவப்பும் மஞ்சளும் பூசி, ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல நிற்கும். வடக்கிலிருந்து வரும் கருவாட்டை வாங்கி ஐரோப்பா முழுவதும் விற்ற ஜெர்மானிய ஹன்சா வணிகர்கள் இருந்த இடம். 1702-இல் தீப்பிடித்து எரிந்தது. பழைய மாதிரியே மறுபடி கட்டினார்கள். 1979-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தச் சந்துகளில் நடந்தால் காலுக்குக் கீழே பலகை, தலைக்கு மேலே பலகை, கூரையில் மழை தாளம் போட்டுக்கொண்டே இருக்கும்.

அங்கிருந்து பத்து நிமிஷம் நடந்தால் ஊரின் நடுவே ஒரு சதுக்கம். அதில் வயலின் வாசிக்கிற ஒரு மனிதரின் சிலை. கீழே பாறை, பாறையில் தண்ணீர் ஓட, நீர்ப்பூதம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. நான் நின்று பார்த்தபோது மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர், நடுவில் வயலின். ஒரு நகரத்தின் மையமான இடத்தில் தளபதிக்கும் மன்னருக்கும் பதிலாக ஒரு வயலின்காரருக்குச் சிலை வைத்திருக்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அவர் பெயர் ஓலே புல். 1810-இல் அதே பெர்கனில் பிறந்தவர். ஐரோப்பா முழுவதும், அமெரிக்காவில் மூலை முடுக்கெல்லாம் வாசித்தவர். ரயில் முழுமையாக வராத காலத்தில் கப்பலிலும் குதிரை வண்டியிலும் சுற்றிய ஊர்சுற்றி. பென்சில்வேனியாவில் 1852-இல் நிலம் வாங்கி நார்வேக்காரர்களுக்கு ஒரு குடியிருப்பே அமைக்கப் பார்த்தார், அது நிலைக்கவில்லை. 1850-இல் பெர்கனில் நார்வே மொழி நாடகத்துக்கென்று ஓர் அரங்கத்தை நிறுவினார். அதுவரை மேடையில் டேனிஷ் மொழிதான் ராஜ்யம் செய்தது. அந்த அரங்கத்துக்கு 1851-இல் ஓர் இருபத்து மூன்று வயது இளைஞரை வேலைக்கு எடுத்தார். அந்த இளைஞர்தான் ஹென்ரிக் இப்சன். இங்கே ஆங்கில இலக்கியம் படித்த தங்கைகளுக்கு 'பொம்மை வீடு' நாடகம் தெரிந்திருக்கும்.

1858-இல் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த ஓலே புல், அங்கே பியானோ வாசித்த பதினைந்து வயதுப் பையனைக் கேட்டுவிட்டு, இவனை லைப்சிக்குக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று பெற்றோரிடம் பிடிவாதமாகச் சொன்னார். அந்தப் பையன் எட்வர்ட் கிரீக். நார்வே என்றாலே இசை உலகம் சொல்கிற முதல் பெயர். 1880-இல் ஓலே புல் இறந்தபோது கல்லறையில் மாலை வைத்துப் பேசியவர்களில் கிரீக்கும் ஒருவர்.

இரண்டாம் நாள் கிரீக்கின் வீட்டுக்குப் போனேன். நகரத்திலிருந்து டிராம் ரயில். இறங்கி இருபது நிமிஷ நடை. ட்ரோல்ஹௌகன் என்று பெயர். நம் பாஷையில் பூதமேடு என்று சொல்லலாம். 1885-இல் கட்டிய வீடு. ஏரிக்கரையில் ஓர் அறை மட்டுமே உள்ள சின்னக் குடிசை இருக்கிறது. ஒரு மேஜை, பியானோ, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஏரி, ஏரிமேல் மழை. அவர் இசை எழுதிய இடம் அதுதான். கிரீக் ஐந்தடி உயரம்தான். நாற்காலியில் எட்டாது என்பதால் பேத்தோவன் இசைப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் உட்கார்ந்து வாசிப்பாராம். வெளியே போகும்போது குடிசையில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போவாராம்: திருட வருகிறவர் தயவுசெய்து இந்த இசைத்தாள்களை விட்டுவிடவும், என்னைத் தவிர வேறு யாருக்கும் இவற்றால் பிரயோஜனம் இல்லை என்ற பொருளில். நல்ல வேடிக்கையான மனிதர்.

அவரையும் அவர் மனைவி நீனாவையும் அந்த ஏரிக்கரைப் பாறையிலேயே குடைந்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் 1985-இல் இருநூறு பேர் உட்காரும் சின்ன அரங்கம் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். கூரைமேல் புல் வளர்கிறது. மேடைக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர். வாசிக்கிறவருக்குப் பின்னால் அந்தக் குடிசையும் ஏரியும் தெரியும். திருவையாற்றில் காவிரியைப் பார்த்துக்கொண்டே கச்சேரி கேட்பது நினைவுக்கு வந்தது.

ஆனால் நான் சொல்ல வந்த கதை கிரீக்கின் கதை அல்ல. அது மூன்றாம் நாள் மாலைதான் கிடைத்தது.

அன்று எங்கள் கச்சேரி. யாரோ ஒரு தம்பி எழுந்து, "ஐயா, அமிர்தவர்ஷிணி பாடுவீங்களா?" என்று கேட்டார். முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்தின் வறண்ட கரிசல் பூமியில் அந்த ராகத்தைப் பாடி மழை வரவழைத்தார் என்பது கர்ணபரம்பரைக் கதை. சபையே சிரித்தது. "இந்த ஊருக்கு வந்து அதையா?" என்றார் பாடகர். ஆனாலும் பாடினோம். வெளியே மழை, எங்களைக் கேட்காமலேயே ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது.

கச்சேரி முடிந்ததும் உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் ஒரு பெட்டியோடு மேடைக்கு வந்தார். நாங்கள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசித்ததைப் பார்த்து அவருக்கு வியப்பு. தம் பெட்டியைத் திறந்தார். வியப்பு எனக்கு மாறியது.

ஹார்டாங்கர் பிடில் என்பார்கள். பார்வைக்கு வயலின்தான். ஆனால் உடம்பு முழுவதும் பேனாக் கோலம், விரல் பலகையில் முத்துச்சிப்பி, உச்சியில் சிங்கத்தலை. வில் படுகிற தந்தி நாலு. அதற்கு அடியில் வில்லே படாத தந்தி நாலோ ஐந்தோ. மேலே வாசித்தால் கீழே தானாகவே அதிரும். சிதாரின் தரப் தந்தி மாதிரி. குதிரை தட்டையாக இருப்பதால் இரண்டு தந்தியைச் சேர்த்தே இழுப்பார்கள். எப்போதும் பக்கத்தில் ஒரு சுருதி ஒலித்துக்கொண்டே இருக்கும். தம்பூரா கேட்டுப் பழகிய காதுக்குச் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. 1651 என்று தேதியிட்ட அப்படி ஒரு பிடில் பெர்கன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, காலால் தரையில் தட்டிக்கொண்டு ஒரு நடன மெட்டை வாசித்தார். மூன்று அடித் தாளம். எங்கள் மிருதங்கக்காரர் ஆசையோடு கைபோடப் பார்த்தார், முடியவில்லை. "அண்ணே, இது மூணா, மூணேகாலா?" என்று என் காதில் கேட்டார். விஷயம் என்னவென்றால், டெலிமார்க் பகுதி மெட்டில் மூன்று அடியும் சம அளவு கிடையாது. முதல் அடி நீளம், இரண்டாவது நடுத்தரம், மூன்றாவது குட்டை. ஆடுகிறவர் கால் தூக்கி வைக்கிற கணக்கு அது. பத்து நிமிஷம் அந்த அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு மெதுவாகத் தொப்பியில் மட்டும் தொட்டு வாசித்தார். அந்த அம்மா முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே!

இவற்றை எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். காதால் கேட்டுத்தான், பிடி பிடியாக என்றார். ஒவ்வொரு மெட்டுக்கும் பேர் சொல்லும்போது யாரிடமிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஒரே மெட்டு இரண்டு பள்ளத்தாக்கில் இரண்டு விதமாக இருக்கும். நாம் பாடாந்தரம் என்று சொல்கிறோமே, அதுதான்.

அவர்களுக்கு ஒரு நம்பிக்கைக் கதையும் உண்டு. அருவியில் ஒரு பூதம் இருக்கிறது. வியாழக்கிழமை இரவு இறைச்சி கொண்டுபோய்க் கொடுத்தால், அது உன் விரலைப் பிடித்துத் தந்திமேல் ரத்தம் வர இழுத்து இழுத்து வித்தை சொல்லித் தரும். இறைச்சி போதவில்லை என்றால் சுருதி சேர்க்க மட்டும் சொல்லித்தந்துவிட்டு அனுப்பிவிடும்! குருதட்சிணையில் கைவைத்தால் எந்த ஊரிலும் இதுதான் கதி. சதுக்கத்துச் சிலையின் கீழே உட்கார்ந்திருக்கும் பூதம் எதைச் சொல்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இந்தக் கதையே அந்த வாத்தியத்துக்கு வினையாகவும் ஆனது. பூதம் சொல்லித் தந்தது என்றால் அது சாத்தானின் கருவிதானே? கல்யாணத்தில் குடி, ஆட்டம், சண்டை எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்று 19-ஆம் நூற்றாண்டுப் பக்தி இயக்கங்கள் சொல்லின. பல பிடில்கள் உடைக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. கோயிலுக்குள் விடவில்லை. வாசித்தவர்கள் ஏழைகள், மாவு மில்லுக்காரர் மகன், குடியானவர். படித்தவர்கள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அங்கேதான் ஓலே புல் மறுபடி வருகிறார். சிறுவயதில் கிராமத்தில் அந்த இசையைக் கேட்டு வளர்ந்தவர் அவர். மில்லர்குட்டன், அதாவது 'மில்காரன் மகன்' என்று பட்டப்பெயர் கொண்ட ஒரு டெலிமார்க் பிடில்காரரை அழைத்து, 1849-இல் தலைநகர் கிறிஸ்டியானியாவில் மேடையேற்றினார். இன்றைய ஆஸ்லோ அது. கல்யாண வீட்டு வாத்தியம் முதன்முதலாகக் கச்சேரி மண்டபத்துக்குள் போனது.

அந்த மில்லர்குட்டனிடம் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் குனூட் டாலே. 1834-இல் பிறந்தவர். வயதாகிக்கொண்டே போகிறது, பெரியவர்களிடமிருந்து வந்த மெட்டுகள் கைவசம் இருக்கின்றன, கற்க ஆள் இல்லை. 1888-இல் அவர் கிரீக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். இவற்றை யாராவது எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் என்னோடு போய்விடும் என்பது சாரம். கிரீக் உலகப்புகழ் பெற்றவர், ஆயிரம் வேலை. காரியம் நடக்கவில்லை. கிழவர் விடவில்லை. மறுபடி எழுதினார். 1901-இலும் எழுதினார். பதிமூன்று வருஷம்! அப்போது அவருக்கு 67 வயது.

கிரீக் வயலின்காரர் அல்ல. தம் உறவினரும் வயலின் வித்வானுமான யோஹான் ஹால்வொர்சனிடம் பொறுப்பை ஒப்படைத்தார். 1901 நவம்பரில் டாலே பிடிலைத் தூக்கிக்கொண்டு தலைநகருக்குப் போனார். கிழவர் வாசிக்க வாசிக்க, ஹால்வொர்சன் எழுதினார். பதினேழு மெட்டுகள். அவற்றை வைத்து கிரீக் பியானோவுக்கு ஒரு தொகுதி செய்தார். 1903-இல் லைப்சிக்கில் வெளியானது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், ஹால்வொர்சன் எழுதிய மூல வயலின் வடிவத்தையும் கூடவே அச்சிட்டார்கள். இது கிழவர் வாசித்தது, இது நான் செய்தது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த நேர்மை அது.

குறை இல்லையா என்றால் இருந்தது. அந்த நீளம், நடுத்தரம், குட்டை என்ற கணக்கைக் கோட்டுக் குறியீட்டில் பிடிக்க முடியவில்லை. முக்கால் தாளம் என்று போட்டுவிட்டார்கள். எங்கள் மிருதங்கக்காரர் முழித்த அதே இடம்தான். பேப்பரில் ஏறாத அந்த அசைவு எப்படித் தெரிகிறது என்றால், குனூட் டாலேயின் பேரன் யோஹான்னஸ் தாத்தாவிடம் கற்றுக்கொண்டு வாசித்தார். வானொலிக் காலத்தில் அவர் வாசிப்பு பதிவானது. ஆக, எழுத்து ஒரு பாதியைக் காப்பாற்றியது, வாரிசு மறுபாதியைக் காப்பாற்றினார்.

அந்த அம்மா இதைச் சொல்லி முடித்துவிட்டு, "உங்களுக்கு வயலின் எப்படி வந்தது?" என்று கேட்டார். நான் பாலுசுவாமி தீட்சிதர் கதையைச் சொன்னேன். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி. சென்னைக்கு வடக்கே மணலியில் ஜமீன்தார் முதலியார் ஆதரவில் குடும்பம் இருந்தபோது, செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஐரோப்பிய பாண்டு வாத்தியத்தைக் கேட்டுவிட்டு, ஒரு வெள்ளைக்காரரிடம் வயலின் கற்றவர். பிறகு எட்டயபுரம் அரசவை வித்வான் ஆனார். சொல்லிக்கொண்டே வரும்போதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அந்தக் கதையின் மிச்சமும் இதே கதைதான்!

பாலுசுவாமிக்கு மகள் வயிற்றுப் பேரன், அவரையே சுவீகாரம் எடுத்துக்கொண்டார். சுப்பராம தீட்சிதர், 1839-இல் பிறந்தவர். தீட்சிதர் குடும்பத்துப் பாடாந்தரம் முழுவதும் அந்த ஒருவர் நெஞ்சில் இருந்தது. சென்னையில் சின்னசாமி முதலியார் என்றொரு எம்.ஏ. படித்தவர், நம் சங்கீதத்தை மேல்நாட்டுக் கோட்டுக் குறியீட்டில் எழுதி 1893-இல் வெளியிடத் தொடங்கினார். உடல்நலமும் கண்பார்வையும் கெட, இது நம்மால் முடியாது என்று தெரிந்ததும், எட்டயபுரம் மன்னரிடம் முறையிட்டார். தயங்கிய தீட்சிதரை மன்னர் சொல்லி எழுத வைத்தார். 1904-இல் எட்டயபுரத்திலேயே அச்சாகி வந்தது 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி'. தெலுங்கு எழுத்தில், இரண்டு பாகம், முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகள் மட்டும் இருநூறுக்கு மேல். கமகத்தை எழுத்தில் பிடிக்கத் தனி அடையாளக் குறிகளையே ஏற்படுத்தினார் சுப்பராம தீட்சிதர். அந்தப் புத்தகம் இல்லையென்றால் இன்று எத்தனை கிருதிகளின் பழைய உருவம் நமக்குத் தெரிந்திருக்கும்?

1903, லைப்சிக். 1904, எட்டயபுரம். டாலேயும் தீட்சிதரும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க வழியே இல்லை. ஒருவர் பனிமலையில், ஒருவர் கரிசல் காட்டில். இருவருக்கும் அறுபது தாண்டிய வயது. இருவர் கையிலும் கடைசி விளக்கு. தீட்சிதர் 1906-இல் காலமானார். இரண்டு வருஷம் தள்ளிப்போட்டிருந்தால்?

கச்சேரி சங்கீதத்துக்கு மன்னரும் எம்.ஏ.க்காரரும் கிடைத்தார்கள். மற்றதற்கு? தெருவில் வாசிப்பதற்கு, கொல்லையில் பாடுவதற்கு, சாவு வீட்டில் அழுவதற்கு யார் வந்தார்கள்?

எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு நாகஸ்வரக்காரர் இருந்தார். பெர்கனிலிருந்து வந்த மறு மாதம் அவரைப் போய்ப் பார்த்தேன். அப்போது அவருக்கு 82 வயது. புறப்பாட்டுக்கு ஒரு மல்லாரி, தேரடிக்கு ஒன்று, தெப்பத்துக்கு ஒன்று, எந்தத் தெரு முனையில் எந்த ராகத்தைத் தொட வேண்டும் என்று அந்தக் கோயிலுக்கே உரிய ஒரு கிரமம் அவர் ஒருவருக்குத்தான் முழுசாகத் தெரியும். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. "இதையெல்லாம் யார் தம்பி கேக்கப் போறாங்க? கோயில்ல இப்ப மோட்டார் வச்சு மேளம் அடிக்குதே" என்றார். நிஜம். கரண்டில் ஓடுகிற முரசு இயந்திரம் பல கோயில்களில் வந்துவிட்டது.

மூன்று நாள் உட்கார்ந்தோம். மூச்சு இருந்த நேரம் வாசித்தார். மூச்சு இல்லாதபோது வாயால் பாடினார், தொடையில் தாளம் போட்டார். பதினோரு உருப்படி பதிவாயிற்று. 2019-இல் அவர் போய்விட்டார். காரியத்துக்குப் போயிருந்தேன். மகன் என்னிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டார்: "அந்தத் தெப்ப மல்லாரி, அப்பா பாடிக் காட்டினது, அது எனக்கு ஒரு காப்பி குடுங்கண்ணே." கொடுத்தேன். அவர் வாசிக்கப் போவதில்லை. ஆனால் அவர் பிள்ளை வாசிக்கலாம். யார் கண்டது?

தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரு கோரிக்கை. இந்தக் கல்லூரிக்கு நீங்கள் நூறு கிராமங்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். பொங்கல் லீவுக்குப் போகும்போது உங்கள் தெருவில் விசாரியுங்கள். நடவுப் பாட்டு தெரிந்த ஒரு பாட்டி இருப்பார். உடுக்கை அடித்துக் கதை சொல்லும் ஒரு தாத்தா இருப்பார். பறையில் சாவுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி என்று பிரித்துத் தெரிந்தவர் இருப்பார். டாலே பிடிலைத் தூக்கிக்கொண்டு தலைநகருக்குப் போக வேண்டியிருந்தது. உங்கள் சட்டைப் பையிலேயே பதிவுக் கருவி இருக்கிறது.

ஆனால் சும்மா பதிவு செய்து நண்பர்கள் குழுவில் போட்டுவிட்டால் ஆறு மாதத்தில் காணாமல் போகும். கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். ஒன்று, முதலில் அனுமதி கேளுங்கள். இது எதற்கு என்று சொல்லுங்கள். இரண்டு, பாடுவதற்கு முன் அவர் வாயாலேயே பெயர், ஊர், யாரிடம் கற்றது, எந்தச் சந்தர்ப்பத்தில் பாடுவது என்று சொல்ல வையுங்கள், தேதியையும் சொல்லுங்கள். மூன்று, நடுவில் குறுக்கிடாதீர்கள். அவர் மூச்சு வாங்குவதும் பதிவுதான். கை, கால் அசைவு தெரிகிற மாதிரி படமும் எடுங்கள். கிழவரின் கால் தட்டல்தான் தாளம் என்பதை மறக்காதீர்கள். நான்கு, ஒரு பிரதியை அந்தக் குடும்பத்துக்கே கொடுங்கள். அது அவர்கள் சொத்து. ஐந்து, திருத்தாதீர்கள். பின்னால் சினிமா மாதிரி வாத்தியம் சேர்த்து அழகு பண்ண ஆசை வரும். பண்ணுங்கள், ஆனால் மூலத்தைத் தனியே வையுங்கள். கிரீக் செய்தது அதைத்தான்.

முன்னாள் மாணவர்களான நமக்கும் வேலை இருக்கிறது. கல்லூரி நூலகத்தில் இதற்கென்று ஓர் அலமாரி, ஒரு கணினி, இரண்டு இடங்களில் பிரதி வைக்க இரண்டு வன்தட்டு. நம் சங்கம் வருஷா வருஷம் செய்கிற செலவோடு பார்த்தால் இது பெரிய தொகை அல்ல. தமிழ்த்துறையும் கணினித்துறையும் கைகோத்தால் பட்டியல் போடுவது சுலபம். என் பங்குக்கு, நாகஸ்வரக்காரரின் பதினோரு உருப்படிகளை, அவர் குடும்பத்தின் சம்மதத்தோடு, முதல் பதிவாக இன்று நூலகரிடம் ஒப்படைத்திருக்கிறேன். இரண்டாவது பதிவு உங்களில் ஒருவருடையது.

பாட்டிக்கு எழுபத்தைந்து, தாத்தாவுக்கு எண்பது. கடிதம் போட்டுப் பதிமூன்று வருஷம் காத்திருக்க அவர்களுக்கு நேரம் இல்லை. அடுத்த கூடலில் எத்தனை பதிவு சேர்ந்தது என்று செயலாளர் அவர்கள் இந்த மேடையிலேயே வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.